கையுறைகளைத் திரும்ப வாங்கும் நாள்

இன்று மாலைக்குள் பன்னிரண்டு கையுறைகளையும் கம்பெனியில் ஒப்படைக்க வேண்டும். கை நடுக்கத்தை நிறுத்தும் அந்தக் கையுறையை எங்கள் பல்கலைக்கழகம் கண்டுபிடித்தது. கம்பெனி செய்து கொடுத்தது. நோயாளிகளிடம் கொடுத்து ஒரு வருடம் நடத்திய சோதனை நேற்றோடு முடிந்தது.

பதினோராவது வீட்டில் தையல்காரர் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"நல்லா வேலை செய்யுதுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க? அப்புறம் ஏன் பிடுங்குறீங்க?"

"சோதனை ஜெயிச்சிடுச்சுங்க. இனிமே கம்பெனியே பெருசா தயாரிச்சு விக்கும்."

"எப்போ?"

"ரெண்டு வருஷம் ஆகும்."

"தோத்திருந்தா?"

எனக்குப் பொய் வரவில்லை. "குப்பைன்னு உங்ககிட்டயே விட்டிருப்பாங்க."

"அப்போ தோத்துடுச்சுன்னே எழுதிடும்மா, புண்ணியமாப் போகும்" என்றார் அவர் மனைவி.

யாரும் சிரிக்கவில்லை. அவர் கழற்றிக் கொடுத்தார். வெறுங்கை உடனே நடுங்கத் தொடங்கியது.

வேனை எடுத்த டிரைவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எல்லார்கிட்டயும் இப்படியா கறாரா இருக்கறது? ஒருத்தருக்காவது கொஞ்சம் விட்டுக் கொடுத்திருக்கலாம்."

"ஒப்பந்தம் அப்படிண்ணா."

"என்னவோ போங்க. கடைசி வீடு எங்க?"

தெருவைச் சொன்னேன்.

"காலையில உங்களை ஏத்துன தெருவாச்சே! அதை அப்பவே வாங்கியிருந்தா இப்படி ஊரைச் சுத்தி வர வேண்டாமே?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அது எங்கம்மாவோடதுண்ணா. மத்தியானச் சாப்பாட்டையாவது தன் கையால சாப்பிடட்டும்னு விட்டுட்டு வந்தேன்."