கூட வாழ்பவர் நிரப்ப வேண்டிய படிவம்

கேள்விகள் மொத்தம் நாற்பது. எல்லாமே அவருடைய மனைவியைப் பற்றியவை.

"அவங்களும் நிரப்பணும், நீங்களும் நிரப்பணும். ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் எழுதக்கூடாது. ரெண்டையும் ஒத்துப் பாத்துதான் மருந்தே முடிவு பண்ணுவேன், சார்" என்றார் ஹோமியோபதி வைத்தியரம்மா. மனைவியை உள்ளறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். கணவருக்கு வெளியே, மீன்தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி.

ஐம்பத்தாறு வயதில் பரீட்சை.

மனைவிக்கு மனசு சரியில்லாமல் போய் எட்டு மாதம் ஆகிறது. உட்கார்ந்தால் உட்கார்ந்த இடம்தான். அழுவதுகூட இல்லை. அழுதாலாவது ஏதாவது சொல்லித் தேற்றலாம்.

ஆஸ்பத்திரி மாத்திரை ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. மறுபக்கம், யார் எதைச் சொன்னாலும் கூட்டிக்கொண்டு போனார். எந்தப் புற்றில் எந்தப் பாம்போ.

காதில் ஊசி குத்தினார்கள். நெற்றியில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டார்கள். வயிற்றில் ஈர மண்ணை அப்பி வெயிலில் படுக்க வைத்தார்கள். ஒரு புண்ணியவான் நீல விளக்குக்கு அடியில் அரை மணி நேரம் உட்கார வைத்தார். வெளியே வந்து, "கண்ணு கூசுது" என்றாள். அந்த வாரம் முழுக்க அவள் பேசியது அவ்வளவுதான்.

வெளியில் சொல்லிக்கொள்ளவில்லையே தவிர, அவருக்குப் பயம். இவளும் கைநழுவிப் போய்விடுவாளோ என்று பயம்.

ஆனால் படிவத்தைப் புரட்டிப் பார்த்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. முப்பது வருடமாக அவர் மோட்டார் உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். ஆறாயிரம் சாமான்களில் எது எந்த அடுக்கில், எந்த டப்பாவில் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கட்டிய மனைவியைப் பற்றி நாற்பது கேள்வியெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டா?

எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவார்? இடது பக்கம். ஒரு கை கன்னத்துக்கு அடியில் இருக்கும்.

சூடாகக் குடிப்பாரா, ஆற வைத்தா? கொதிக்கக் கொதிக்க. ஆறிப்போன தேநீரை மனிதர் குடிப்பார்களா என்று கேட்பாள்.

இடிக்குப் பயப்படுவாரா? ரொம்ப. என் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள். நகம் பதிந்துவிடும்.

கோபம் வந்தால்? கத்துவாள். தெருவுக்கே கேட்கும். ஐந்து நிமிடம் கழித்து, எதற்குக் கத்தினோம் என்று அவளுக்கே மறந்துபோய்ச் சிரித்துவிடுவாள்.

இதை எழுதும்போது அவருக்கும் சிரிப்பு வந்தது. வரவேற்பு மேசைப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

பாடும் பழக்கம் உண்டா? குளிக்கும்போது மட்டும். இரண்டு வரிதான் தெரியும். மூன்றாவது வரிக்கு முனகல்.

கொடுத்திருந்த கோடுகள் போதவில்லை. ஓரத்தில் எழுதினார். அம்புக்குறி போட்டுப் பின்பக்கத்துக்குப் போனார். எழுத எழுத, எட்டு மாதத்தில் முதல் தடவையாக மனசு லேசானது. இத்தனைக்கும் மருந்து இன்னும் பாட்டிலை விட்டே வெளியே வரவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டார்கள்.

மனைவி எப்போதோ முடித்துவிட்டாள் போலிருந்தது. அநேகமாக எல்லாக் கேள்விக்கும் ஒற்றைச் சொல்லில் பதில். கைகளை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வைத்தியரம்மா இரண்டு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒத்துப்போவதை டிக் செய்யச் சிவப்புப் பேனாவைத் திறந்தார். ஒவ்வொரு வரியாக இறங்கினார். பேனா அதிகம் வேலை செய்யவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி மேலேயிருந்து ஆரம்பித்தார்.

"நாப்பதுல மூணுதான் ஒத்துப்போகுது, சார். வயசு, விலாசம், ரத்த வகை."

ஸ்டோர் கீப்பருக்குச் சுருக்கென்றது. கணக்கெடுப்பில் ஒரு போல்ட் குறைந்ததாகக்கூட அவரிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.

"அவ மனசு சரியில்லாதவ. எதையோ கிறுக்கியிருப்பா. நான் எழுதினதை வச்சு மருந்து குடுங்கம்மா."

வைத்தியரம்மா யோசித்தார். உடம்புக்கு முடியாதவர்கள் தங்களைப் பற்றித் தாறுமாறாக எழுதுவது அவர் பார்க்காததல்ல. கணவர் எழுதியதில் எவ்வளவு விவரம்! பார்த்துப் பார்த்து எழுதியிருந்தார். மருந்துப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார்.

அப்போதுதான் மனைவி கையை நீட்டிக் கணவரின் படிவத்தை எடுத்தாள்.

எட்டு மாதமாக அவள் செய்தித்தாளில் ஒரு வரி படித்ததில்லை. இதை முழுசாகப் படித்தாள். ஓரத்தில் எழுதியிருந்ததைத் தாளைச் சாய்த்துப் படித்தாள். அம்புக்குறியைப் பார்த்துத் திருப்பிப் பின்பக்கத்தையும் படித்தாள். ஓர் இடத்தில் லேசாகச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்து அவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். கடைசியில் ஏதோ ஒரு வைத்தியம் வேலை செய்கிறது என்றே நினைத்தார்.

அவள் தாளின் மடிப்பை நீவிவிட்டு மேசையில் வைத்தாள்.

"அவர் ஒண்ணும் தப்பா எழுதலைம்மா. அக்கா அப்படித்தான்."

"எந்த அக்கா?" என்றார் வைத்தியரம்மா.

"எங்க அக்கா. அவ போய் இருபத்திரண்டு வருஷமாச்சு. அதுக்கப்புறம்தான் என்னை இவருக்குக் கட்டி வச்சாங்க."