வண்டி மை

ஆமத்தூர் ரோட்டில் பந்தயக் குதிரை வண்டிகள் எட்டும் வரிசைக்கு வந்துவிட்டன.

பாண்டிலட்சுமி கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள். காலில் செருப்பில்லை. வீட்டிலிருந்து ஒரு மைல் தூரம் இப்படியே ஓடி வந்திருக்கிறாள். வழியில் கேட்டவர்களிடம் சொல்லக்கூடிய காரியமில்லை.

புருஷன் மணிமுத்துவின் வண்டி இந்த ஓரத்தில் முதலாவதாக நின்றது. அதன் சக்கரத்துக்குள் அவன் வைத்திருப்பது மையா, வெடிமருந்தா? அது மட்டும் தெரிந்தால் போதும்.

சக்கரம் அச்சில் சிக்காமல் சுழலத்தான் மை போடுவது. கடைக் கிரீஸ் வெயிலுக்கு இளகி ஓடிவிடும் என்பது மணிமுத்துவின் கட்சி. காய்ந்த பருத்திமார்க் குச்சிகளைச் சுட்டு, இடித்து, பழைய வேட்டியில் சலித்த கரித்தூளை விளக்கெண்ணெயில் குழைத்துத்தான் போடுவான். பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு பக்குவமாக அவன் எண்ணெய் தேய்த்துவிட்டதில்லை.

அதோடு நின்றிருந்தால் தேவலை. பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் அவனுக்கு வேலை. கோயில் பொங்கலுக்கு வேட்டுப் போடலாம் என்று கருமருந்தையும் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குக் கடத்தி வந்திருந்தான். அடுப்பெரிகிற வீட்டில் இது ஆகாது என்று அவள் தலைபாடாய் அடித்துக்கொண்டாள். கேட்டால்தானே.

பரணில் இரண்டு டப்பா. சிவப்பு மூடியில் கரித்தூள், நீல மூடியில் மருந்து. இரண்டும் ஒரே கறுப்பு.

இன்று காலை அவன் வண்டியைப் பூட்டிக்கொண்டு போன பிறகு முற்றம் பெருக்க வந்தவள், விளக்கெண்ணெய் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு டப்பா கிடப்பதைப் பார்த்தாள்.

நீல மூடி.

விளக்குமாற்றைப் போட்டது போட்டபடி ஓடி வந்தாள்.

எட்டு மைல் பந்தயம். வண்டி திரும்பி வரும்போது சக்கரத்தின் நடுவில் அச்சு நுழையும் குடத்தில் கை வைக்க முடியாது. தண்ணீர் ஊற்றினால் சுர்ரென்று ஆவி கிளம்பும். அந்தச் சூட்டில் மருந்து என்ன செய்யும் என்று சிவகாசிப் பக்கம் பிறந்தவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சத்தம் போட்டு அவனை இறக்கவும் வழியில்லை. பத்தடி தள்ளிக் கையில் கொடியோடு நின்றவர் அதே கம்பெனியின் ஃபோர்மேன் இராமகிருஷ்ணன். நல்ல மனிதர்தான். ஆனால் போன மாதம் ஒரு வீட்டில் மருந்து வெடித்துத் தாயும் மகளும் போனதிலிருந்து இந்த விஷயத்தில் ஈவு இரக்கம் பார்ப்பதில்லை. அவர் போலீசில் பிடித்துக் கொடுத்த மூன்று பேர் இன்னும் வெளியே வரவில்லை.

இவள் எங்கே இங்கே என்பதுபோல் மணிமுத்து வண்டியிலிருந்து திரும்பிப் பார்த்தான். குதிரை நிலைகொள்ளாமல் தரையைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

அவள் சக்கரத்தருகே குனிந்தாள். குடத்தின் வாயில் பிதுங்கியிருந்த மையை விரலால் வழித்து நாக்கில் வைத்தாள்.

கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருஷம் மருந்து சலித்தவள். மருந்தென்றால் வெடியுப்பு நாக்கில் கரிக்கும். எண்ணெயில் குழைத்தாலும் அந்த உப்பு தெரியாமல் போகாது.

உப்பு இல்லை.

நம்பாமல் இன்னொரு விரல் வழித்தாள். அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கும் போய் வழித்தாள். வெறும் கரி, விளக்கெண்ணெயின் குமட்டல், அவ்வளவுதான். ஜென்மத்தில் இத்தனை ருசியாக எதையும் தின்றதில்லை என்று தோன்றியது. கண்ணீர் தானாகக் கொட்டியது. கறுத்துப்போன அவள் வாயைப் பார்த்துக் கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

வண்டியின் சட்டத்தைப் பிடித்து எக்கி, முற்றத்தில் நீல மூடியைப் பார்த்ததும் உயிரே போய்விட்டதென்று அவன் காதில் மட்டும் விழும்படி சொன்னாள்.

மணிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. குனிந்து, தன் சாமர்த்தியத்தைச் சொன்னான்.

“நீல மூடி டப்பால மருந்து இருக்குன்னு கம்பெனியில எவனோ போட்டுக் குடுத்துட்டான் புள்ள. சோதனைக்கு வந்தா தப்பிக்கணும்ல, நேத்து நீ காட்டுக்குப் போயிருக்கையில ரெண்டு மூடியையும் மாத்திப் போட்டுட்டேன். செவப்பத் தொட்டிராத.”

இராமகிருஷ்ணன் கொடியை உயரே தூக்கினார்.

பாண்டிலட்சுமி சட்டென்று வரிசையின் மறுகோடியைப் பார்த்தாள். இன்று விடியற்காலையில்தான் மதினி கற்பகவல்லி கிண்ணத்தோடு வந்து நின்றாள். அண்ணன் வண்டிக்கு மை குழைக்கக் கரித்தூள் போதவில்லை என்றாள். சொந்த அண்ணன் வண்டிக்குக் கணக்கா பார்ப்பார்கள்? சிவப்பு மூடியைத் திறந்து கிண்ணம் நிறைய அள்ளிக் கொடுத்திருந்தாள். அத்தனையும் மருந்து.

அண்ணன் பாண்டிச்செல்வம் அந்தக் கோடியில், எட்டாவது வண்டியில் இருந்தான். நடுவில் ஆறு குதிரைகள், கொட்டுச் சத்தம், விசில். இங்கிருந்து தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. கொடி இறங்கிவிட்டால் பிறகு யாராலும் நிறுத்த முடியாது.

ஒரு முறை புருஷனைப் பார்த்தாள். அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பத்தடியைப் பாய்ந்து கடந்து, இராமகிருஷ்ணனின் தூக்கிய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“கொடிய எறக்காதீக அண்ணாச்சி. எங்க வீட்டுல மருந்து இருக்கு.”