பல் தடம்

சமையலறை ஜன்னல் வெயிலில் இரண்டு பிஞ்சுக் கைகள் நீண்டிருக்கின்றன. ஒன்று மாமன் மகனுடையது, மற்றது ஐந்து வயதுகூட நிரம்பாத இவளுடையது. இரண்டிலும் பல் தடம். ஒரே அளவு, ஒரே சிவப்பு. முதலில் அவன் கடித்தபோது, "பல்லு நமநமங்குது போல பயலுக்கு" என்று மாமன் சிரித்தார். இவள் திருப்பிக் கடித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இவளுடைய அப்பா கொலைக் கேசில் உள்ளே இருக்கிறார். "அப்பன் ரத்தம், சும்மா இருக்குமா" என்கிறார் மாமன். காய் நறுக்கும் கத்தியை அம்மா பரண்மேல் வைக்கத் தொடங்கி வெகுகாலம் ஆகிறது. அவன் தேம்பித் தேம்பி பிஸ்கட் தின்கிறான். இவள் அழவில்லை. "அழுத்தத்தைப் பாரு. அதுவும் அப்பனேதான்." மாமன் அடுப்பைப் பற்றவைத்துக் கரண்டிக் காம்பை நீல நெருப்பில் காட்டுகிறார். "அவன்தாம்மா மொதல்ல கடிச்சான்" என்கிறாள் இவள். காம்பு மெல்லச் சிவக்கிறது. "நம்ம பக்கத்துல ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைச்சவங்க கிடையாது" என்று தங்கையிடம் தணிந்த குரலில் சொல்கிறார் மாமன். "கையப் பிடி." அம்மா பிடிக்கிறாள், பல் தடம் மேலே தெரியும்படி.