தம்பி செய்த மர வைஸ்

பட்டறையின் ஒற்றை ஜன்னலில் வரும் மாலை வெயில், பலகையை இறுக்கிப் பிடிக்கத் தம்பி செய்து முடித்திருக்கும் மர வைஸின் மேல் மட்டுமே விழுவதாக அண்ணனுக்குப் படுகிறது. வைரம் பாய்ந்த கட்டையில் இரண்டு தடித்த தாடைகள். அவற்றை நெருக்க, தம்பி தன் கையாலேயே மரை வெட்டிய மரத்திருகு. எண்ணெய் குடித்த மரம் தேன் நிறத்தில் மினுங்குகிறது. மூலையில் அண்ணனின் இரும்பு வைஸ் வாயைத் திறந்தபடி கிடக்கிறது. நேற்றுவரை தம்பி பலகையைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் வருவான், "அண்ணே, கொஞ்சம் மாட்டிக்கவா?" என்று கேட்டுக்கொண்டு. இனிமேல் கேட்கமாட்டான்.

"உங்க அண்ணன் கடையில வாங்கினாரு, நீங்க கையாலயே பண்ணிட்டீங்களே தம்பி!" என்கிறாள் அண்ணி, மரத்தூளைக் கூட்டுவதை நிறுத்திவிட்டு. அண்ணன் மர வைஸின் அருகே வருகிறான்.

"அழகாத்தான் இருக்கு. பிடிக்கணுமே?" என்று ஒரு தாளைத் தாடைகளுக்கு நடுவே செருகுகிறான். தாடைகள் கொஞ்சம் கோணினாலும் தாள் வழுக்கி வந்துவிடும். வந்துவிட வேண்டுமென்று உள்ளூர வேண்டிக்கொண்டே கைப்பிடியைச் சுற்றுகிறான்.

"நல்லா இறுக்குண்ணே, தாங்கும்."

பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு சுற்று. திருகு முனகுகிறது. விரிசல் விடும் சத்தத்துக்காக அவன் காது காத்திருக்கிறது, அது வரவில்லை. தாளை இழுக்கிறான். பாதி கிழிந்து கையோடு வருகிறது, மீதி அசையாமல் நிற்கிறது.

"எப்படிண்ணே?" தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு அவன் முகத்தையே பார்க்கிறான்.

அண்ணன் வைஸின் தாடையைத் தடவிப் பார்க்கிறான். எங்கும் ஒரு பிசிறில்லை.

"மரம் நல்ல மரம்," என்கிறான்.