ஏழு மணி வீடியோ

"அம்மா போய் இன்னும் ஆறு நாள்கூட ஆகலை. அதுக்குள்ள சிவப்பு ஜரிகை பிளவுஸைக் காட்டி வியாபாரமா? உனக்கு வெக்கமா இல்ல, வாசுகி?"

சிங்கப்பூரிலிருந்து காரியத்துக்கு வந்திருந்த நாத்தனார் யோகேஸ்வரி, கைபேசியை நீட்டினாள்.

மலேசியாவின் பத்து பகாட் ஊரில் வாசுகி நடத்தும் தையல் கடையின் இணையப் பக்கம் அது. காலை ஏழுக்கு வந்த புது வீடியோ. முகம் தெரியவில்லை. சுண்டுவிரல் லேசாக வளைந்த ஒரு கை, கழுத்துப் பட்டியில் ஜரிகை தைத்துக்கொண்டிருந்தது.

"பதினாறு முடியறவரைக்கும் நான் மெஷினைத் தொட மாட்டேன் அண்ணி."

"அப்போ இது என்ன, பேயோட கையா?"

"முன்னாடியே எடுத்தது. நாளும் நேரமும் குறிச்சு வெச்சா போன் தானா போட்டுடும்."

"சாவு வரும்னு தெரிஞ்சு எடுத்து வெச்சியா? ஐயோ, அலமாக்! இது அதைவிட மோசம்."

வாசுகி தலை குனியவில்லை.

மூன்று வருடம், ஒரு நாள் விடாமல் காலை ஏழு மணி. முதல் வருடம் பார்த்தவர்கள் பதினொரு பேர். இப்போது தூரத்து ஊரான பொந்தியானிலிருந்துகூடக் கார் எடுத்து வருகிறார்கள். தீபாவளிக்கு ஐந்து வாரம்தான். துணி வந்து குவிகிற நாட்கள் இவை. பக்கம் மௌனமானால் வேறு கடைக்குப் போய்விடுவார்கள்.

"எல்லாத்தையும் அழிச்சிடு. இல்லன்னா பதினாறாம் நாள் சொந்தக்காரங்க முன்னால நானே கேட்பேன்."

"கேளுங்க அண்ணி. நான் அழிக்க மாட்டேன்." அவள் குரல் உயரவில்லை. "இதைச் சத்தம் வெச்சுப் பார்த்தீங்களா?"

"சாவு வீட்டுல உட்கார்ந்து பாட்டு கேட்கச் சொல்றியா?"

"பாட்டு இல்ல, அண்ணி."

வாசுகியே கை நீட்டிச் சத்தத்தைக் கூட்டினாள்.

முதலில் ஒரு இருமல். பிறகு, மூச்சு வாங்கியபடி ஒரு குரல்:

"எனக்காக என் மருமக பதினாறு நாள் மெஷினைத் தொட மாட்டா. அதுவரைக்கும் தினம் ஏழு மணிக்கு நான் வருவேன் லா."