எடுக்கலாமா, வேண்டாமா?

மார்ச் 7. தான் வேலை பார்க்கும் ஆலோசனை நிறுவனத்துக்குப் போட்டியான நிறுவனத்தின் நேர்காணலில், "எந்த முடிவையும் வெளியாளைக் கேட்டு எடுங்க" என்று ஆலோசகர் பழக்கதோஷத்தில் சொன்னது தப்புதான். அந்த வேலைக்காக அவர் தவியாய்த் தவித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் அவருடைய மேலாளர் ஒரு வேலை தந்தார். "ஒரு கம்பெனி, ஏழாந்தேதி இன்டர்வியூ பண்ணின ஒரு ஆளை எடுக்கலாமான்னு நம்மகிட்ட கேக்குது. ஆளு பேரு சொல்லல. அலசிப் பாருப்பா."

ஆலோசகர் அலசினார். "எடுக்க வேண்டாம்" என்று எழுதினார்.

"ஏங்க, ஒருத்தர் பொழப்புல மண்ணள்ளிப் போடுறீங்களே?" என்றாள் மனைவி.

"என்ன பண்றது? ஏழாந்தேதி ஆபீசுக்கு வயித்துவலின்னு லீவு போட்டுட்டு இன்டர்வியூவுக்குப் போன ஆளும்மா."

"அன்னிக்கு நீங்களும் அப்படித்தானே போனீங்க?"

"நானேதான் அந்த ஆளு. அதுக்காக அறிக்கையில பொய் எழுத முடியுமா?"

நாளைய வேலை: போட்டி நிறுவனத்துக்கு நேரில் போய், அந்த ஆளை ஏன் எடுக்கக் கூடாது என்று விளக்க வேண்டும்.