அரபுப் பேச்சுத்துணை

"அஞ்சு மணிக்குள்ள கடிதம் போகலைன்னா இந்த ஆஸ்பத்திரி மொழிபெயர்ப்புப் பயிற்சியும் அம்போதான்!" விடுதி அறையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள், அரபு படிக்கும் அந்த மூன்றாமாண்டு மாணவி. ஏழு இடங்கள் ஏற்கெனவே கையை விரித்துவிட்டன.

"என்ன கடிதம்?" என்றாள் அறைத்தோழி.

"நான் நல்லா அரபி பேசுறேன்னு ஒரு அரபுக்காரங்க எழுதித் தரணுமாம்."

"அதான் நாலு மாசமா போன்ல, அந்த அரபிப் பேச்சு ஆப்ல, ஒரு அரபுக்காரங்ககூடப் பேசுறியே, கேளுடி."

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேக்க? கத்துக்குட்டின்னா யாரும் பேச மாட்டாங்கன்னு, ஆப்ல நானும் அரபுக்காரின்னுதானே போட்டிருக்கேன்!"

மணி நாலே முக்கால். வேறு வழியில்லாமல் அழைத்தாள். மறுமுனைப் பெண் வழக்கம்போல் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நலம் விசாரித்தாள். பெரிய இடத்துப் பெண் போலும், என்ன நிதானம்!

இவள் அரபியிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "மன்னிச்சிடுங்க, பொய் சொல்லிட்டேன். நான் அரபுக்காரி இல்ல, மாணவி. உங்க கடிதம் ஒண்ணுதான் என்னைக் காப்பாத்தும்."

பதிலுக்கு விசும்பல்தான் வந்தது. பாவம், மனசு நொந்துவிட்டாள் என்று இவளுக்கும் கண் கலங்கியது.

"தண்ணி வந்துடுச்சு! பக்கெட்டைத் தூக்கிட்டு வாங்கடி!" வராந்தாவில் யாரோ ஒருத்தி கத்தினாள். அந்தக் கத்தல் இவளுக்கு ஒரு காதில் கதவு வழியாகவும், மறு காதில் போன் வழியாகவும் கேட்டது.

போனுக்குள் அரபுக்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டே பச்சைத் தமிழில் அலறினாள்:

"என் பக்கெட்டையும் வரிசையில வைங்கடி! இங்க என் கடிதமே போச்சு!"